விசா வேண்டாம், அனுமதி வேண்டும்: இடம் மாறிய எல்லைகள்

விமான நிலையத்தின் செக்-இன் கவுன்ட்டரில் பணியாளர் நம் கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கத்தை ஒரு சிறு கருவியில் வைத்து எடுப்பதைப் பலமுறை பார்த்திருப்போம். அந்தப் பக்கத்தின் அடியில் வரிக்கு 44 குறிகள் வீதம் இரண்டு வரிகள் இருக்கும். பெயருக்கும் எண்ணுக்கும் இடையே அம்புமுனைகள் நெருங்கி நிற்கும் அந்த வரிகள் மனிதர் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. கருவி அவற்றைப் படித்ததும் பயணியின் பெயர், பிறந்த நாள், நாட்டுரிமை, கடவுச்சீட்டு எண், அது காலாவதியாகும் நாள் ஆகியவை அவர் போகவிருக்கும் நாட்டின் அரசுக் கணினிக்குச் செல்கின்றன. இந்த ஏற்பாடு உள்ள நாடாக இருந்தால், அவரை ஏற்றலாமா கூடாதா என்ற பதில் சில வினாடிகளில் விமான நிறுவனத்துக்கு வந்துவிடும். பயணி இன்னும் பெட்டியைக்கூட எடைக்கு வைத்திருக்க மாட்டார். அதற்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஓர் எல்லையில் அவரைப் பற்றிய முதல் விசாரணை முடிந்திருக்கும்.

நாடுகளின் நுழைவு விதிகள் மாறுவதை நாம் பெரும்பாலும் துண்டு துண்டான செய்திகளாகவே படிக்கிறோம். ஒரு நாடு கட்டணத்தை உயர்த்துகிறது, இன்னொன்று விசாவை நீக்குகிறது, மூன்றாவது நாடு விரல்ரேகை கேட்கிறது. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், தளர்வாகத் தோன்றும் அறிவிப்புகளும் கெடுபிடியாகத் தோன்றும் அறிவிப்புகளும் ஒரே திசையில் போவது தெரியும். ஒருவரை உள்ளே விடுவதா வேண்டாமா என்ற தீர்மானம் நாட்டின் வாசலில் எடுக்கப்படுவது குறைந்து, அவர் புறப்படும் முன்னரே எடுக்கப்படுவது பெருகிவருகிறது. அதோடு சேர்ந்து, பிழைக்கான பொறுப்பும் அரசு அதிகாரியிடமிருந்து விமான நிறுவனத்துக்கும், அங்கிருந்து பயணிக்கும் கைமாறிவிட்டது.

இன்று நாம் கையில் வைத்திருக்கும் வடிவிலான கடவுச்சீட்டுக்கு வயது சுமார் நூறு. முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டு இல்லாமலே நாடு விட்டு நாடு போக முடிந்தது. போர்க்காலத்தில் ஒற்றர் அச்சத்தால் வந்த கட்டுப்பாடுகள் போர் முடிந்தும் நீங்கவில்லை. 1920இல் உலக நாடுகள் சங்கத்தின் ஏற்பாட்டில் பாரிஸில் கூடிய மாநாடு, இக்கட்டுப்பாடுகளை முழுவதும் நீக்குவது இப்போதைக்கு இயலாது என்று ஒப்புக்கொண்டு, 32 பக்கங்கள் கொண்ட ஒரே மாதிரியான கையேட்டைப் பரிந்துரைத்தது. அந்த 'இப்போதைக்கு' நூறாண்டு கடந்தும் முடியவில்லை. பின்னாளில் இந்தப் பொறுப்பு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கைக்கு வந்தது. 1980இல் அது வெளியிட்ட 9303 என்ற எண் கொண்ட ஆவணம்தான் அந்த இரண்டு வரிகளுக்கு உலகப் பொது இலக்கணம் வகுத்தது. 1998இல் மலேசியா சில்லு பொருத்திய கடவுச்சீட்டை உலகில் முதலில் வழங்கியது. 2015 நவம்பர் 24க்குப் பின், இயந்திரம் படிக்க முடியாத கடவுச்சீட்டுகள் புழக்கத்தில் இருக்கக் கூடாது என்றும் அந்த அமைப்பு கெடு வைத்தது. எல்லையைப் புறப்பாட்டு வாசலுக்கு நகர்த்தியதில் அரசியலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு இந்த இரண்டு வரிகளுக்கும் உண்டு. ஒருவரைப் பற்றிய விவரத்தை உலகின் எந்த மூலையிலும் ஒரே விதமாகப் படித்து அனுப்ப முடிந்த பிறகே, அவரை வாசல் வரை வரவிடாமல் தீர்மானிப்பது சாத்தியமாயிற்று.

விசா என்றால் என்ன என்பதைப் பற்றி நீண்டகாலமாக நிலவும் ஒரு குழப்பத்தை இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. விசா என்பது உள்ளே நுழையும் உரிமை அல்ல. நுழைய அனுமதி கேட்டு எல்லை வரை வருவதற்கான இசைவு மட்டுமே. அமெரிக்கச் சுற்றுலா விசா சில நாட்டவருக்குப் பத்தாண்டுக்குச் செல்லுபடியாகும். அதற்காக அங்கே பத்தாண்டு தங்கலாம் என்று பொருளில்லை. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அங்குள்ள அதிகாரி குறிக்கும் தேதிதான் தங்கும் காலத்தின் எல்லை. ஐ-94 என்ற பதிவில் இருக்கும் அந்தத் தேதி விசாவில் அச்சிடப்பட்டிருப்பதில்லை. விசாவின் தேதியைப் பார்த்துத் தங்கிவிட்டு, காலம் கடந்து தங்கியவர் என்ற பெயரோடு திரும்பியவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள்.

இப்போது 'விசா தேவையில்லை' என்ற சொற்றொடருக்கு வருவோம். ஒரு காலத்தில் இதன் பொருள் நேரடியானது: கடவுச்சீட்டோடு விமானம் ஏறலாம், இறங்கிய இடத்தில் முத்திரை குத்துவார்கள். ஆஸ்திரேலியா 1996இலேயே மின்னணுப் பயண அனுமதி என்ற முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் விசா விலக்குத் திட்டத்துக்கான சட்டம் 1986இல் இயற்றப்பட்டது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வந்த சட்டங்களின் தொடர்ச்சியாக, 2009 ஜனவரி 12 முதல் அத்திட்டத்தின் கீழ் வருபவர்கள் பயணத்துக்கு முன் 'எஸ்டா' என்ற இணைய அனுமதியைப் பெறுவது கட்டாயமாயிற்று. கனடா 2016இலும் நியூசிலாந்து 2019இலும் தென் கொரியா 2021இலும் இந்த வழியில் சேர்ந்தன. பிரிட்டன் 2023 நவம்பரில் கத்தார் நாட்டவருக்கு மட்டும் தொடங்கி, 2025 ஜனவரி 8 முதல் ஐரோப்பியர் அல்லாத விசா விலக்குப் பயணிகளுக்கும், ஏப்ரல் 2 முதல் ஐரோப்பியருக்கும் அதை விரித்தது. இஸ்ரேல் 2025 தொடக்கத்திலிருந்து இதைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'எட்டியாஸ்' 2026இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது.

ஆக, விசா விலக்கு பெற்ற நாட்டவரும் பெயர், கடவுச்சீட்டு விவரம், குற்றப் பின்னணி பற்றிய கேள்விகள், கட்டணம், காத்திருப்பு என்ற சுற்றைக் கடந்தாக வேண்டும். விசாவிலிருந்து இதற்கு உள்ள வேறுபாடு, பெரும்பாலானோருக்கு நேர்காணல் இல்லை என்பதும் பதில் விரைவில் வந்துவிடும் என்பதும்தான். இதைச் சின்ன விசா என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. அரசுகள் அந்தச் சொல்லைத் தவிர்ப்பதற்குக் காரணம், விசா விலக்கு ஒப்பந்தங்களைக் கலைக்காமலே சோதனையைத் திரும்பக் கொண்டுவர இந்தப் பெயர் மாற்றம் உதவுகிறது என்பதே. கென்யா இதில் எதிர்த்திசையிலிருந்து வந்து அதே இடத்தில் நின்றது. 2024 ஜனவரியில் எல்லா நாட்டவருக்கும் விசாவை நீக்கியதாக அறிவித்த அந்நாடு, அதே கையோடு ஏறக்குறைய எல்லோருக்கும் கட்டணத்துடன் கூடிய மின்னணு அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதுவரை விசாவே தேவைப்படாதிருந்த சில நாட்டவருக்கு விசா ஒழிப்பு கூடுதல் வேலையாக வந்து சேர்ந்தது.

கட்டணத்தின் ஏற்றமும் கவனிக்கத்தக்கது. 2010இல் 14 டாலராக இருந்த எஸ்டா 2022இல் 21 டாலராகி, 2025 செப்டம்பர் 30 முதல் 40 டாலராயிற்று. பிரிட்டனின் அனுமதி 10 பவுண்டில் தொடங்கியது. ஐரோப்பியருக்குக் கட்டாயமாகி ஒரு வாரத்துக்குள், 2025 ஏப்ரல் 9இல், 16 பவுண்டானது. 7 யூரோ என்று சட்டத்தில் எழுதப்பட்ட எட்டியாஸ் கட்டணம், அம்முறை தொடங்குவதற்கு முன்பே 20 யூரோவாக உயர்த்தப்பட்டுவிட்டது. 18 வயதுக்குக் குறைந்தவர்களும் 70 வயதைக் கடந்தவர்களும் கட்ட வேண்டியதில்லை. பாதுகாப்புக்காக என்று தொடங்கிய ஏற்பாடு வருவாய்க்கான வழியாகவும் மாறுவதைச் சொல்ல வேறு சான்று தேவையில்லை.

இந்த அனுமதிகள் எங்கே சறுக்குகின்றன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அனுமதி வழங்கப்படுவது ஆளுக்கு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கணினியைப் பொறுத்தவரை அது ஒரு கடவுச்சீட்டு எண்ணுக்கு வழங்கப்படுகிறது. எனவே படிவத்தில் பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டிவிட்டால், கட்டணம் செலுத்தி, ஒப்புதல் மின்னஞ்சலும் வந்தபின், கவுன்ட்டரில் கருவி அந்த எண்ணுக்கு அனுமதி எதுவும் இல்லை என்றே சொல்லும். இரண்டாண்டு செல்லுபடியாகும் அனுமதி வாங்கியவர் இடையில் கடவுச்சீட்டைப் புதுப்பித்துவிட்டால் பழைய அனுமதியும் அதோடு போயிற்று. பெயரில் ஒரே சொல் மட்டும் உள்ளவர்களின் தொல்லை தனி வகை. குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரு கட்டங்களும் நிரம்பாமல் படிவம் நகராது. அமெரிக்க விசாவில் இத்தகையோரின் முதற்பெயருக்குப் பதிலாக, முதற்பெயர் அறியப்படவில்லை என்பதன் சுருக்கமான 'எஃப்என்யூ' அச்சாகிறது. தாய் தந்தை இட்ட ஒரே பெயரோடு வாழ்பவரை அறியப்படாதவர் என்று குறிக்கும் இந்த வழக்கம், உலகில் மனிதர்கள் எப்படிப் பெயரிட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் படிவம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை என்பதையே காட்டுகிறது.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் சிக்கும் முடிச்சு இன்னும் விசித்திரமானது. பிரிட்டிஷ் குடிமகன் ஒருவர் தம் சொந்த நாட்டுக்கு வர மின்னணு அனுமதி கேட்டு விண்ணப்பிக்க முடியாது, ஏனெனில் அவருக்கு அது தேவையில்லை. ஆனால் அவர் கையிலிருப்பது தம்முடைய மற்றொரு நாட்டின் கடவுச்சீட்டு மட்டும் என்றால், விமான நிறுவனத்தின் கணினிக்கு அவர் அனுமதி இல்லாத ஓர் அயல்நாட்டவர். கனடாவிலும் 2016 நவம்பரில் இதே நிலை வந்தது: அந்நாட்டின் இரட்டைக் குடிமக்கள் பெரும்பாலோர் செல்லுபடியாகும் கனடியக் கடவுச்சீட்டு இல்லாமல் கனடாவுக்கு விமானம் ஏற முடியாமல் போயிற்று. வாசல் வரை வந்துவிட்டால் தம் குடிமகனை எந்த நாடும் திருப்பி அனுப்ப முடியாது; தீர்மானம் புறப்பாட்டிடத்தில் எடுக்கப்படும்போது அந்த உரிமை அவருக்குப் பயன்படுவதில்லை.

அந்தத் தீர்மானத்தைச் செயல்படுத்துபவர் எந்த நாட்டின் அதிகாரியும் அல்ல, விமான நிறுவனத்தின் பணியாளர். உரிய ஆவணம் இல்லாத ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினால், நிறுவனம் அவரைத் தன் செலவில் திரும்பக் கொண்டுபோக வேண்டும்; அதற்கு மேல் அபராதமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு நெறிமுறை, உறுப்பு நாடுகள் விதிக்கும் அபராதம் ஒரு பயணிக்குக் குறைந்தது 3,000 யூரோ என்றோ, அதன் உச்சவரம்பு குறைந்தது 5,000 யூரோ என்றோ இருக்க வேண்டும் என்கிறது. இந்த அச்சத்தில்தான் கவுன்ட்டரில் இருப்பவர் 'டிமாடிக்' என்ற தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கிறார். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் பராமரிக்கும் அதில், எந்த நாட்டவர் எங்கே போக என்ன ஆவணம் வேண்டும், வழியில் விமானம் மாறினால் அங்கே தனி விசா வேண்டுமா, கடவுச்சீட்டு இன்னும் எத்தனை மாதம் செல்ல வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். சந்தேகம் வந்தால் ஏற்ற மறுப்பதே அவருக்குப் பாதுகாப்பு. தவறாக ஏற்றியதற்கு அபராதம் நிச்சயம். தவறாக மறுத்ததற்குப் பயணி வழக்குப் போட்டால்தான் உண்டு.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டுக்குப் பின் பல பிரிட்டிஷ் பயணிகள் இதை அனுபவத்தில் கற்றார்கள். தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் தொகுதியான ஷெங்கன் பகுதிக்கு வரும் வெளிநாட்டவரின் கடவுச்சீட்டு, நுழையும் நாளுக்கு முந்தைய பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், வெளியேறும் நாளுக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் செல்லுவதாகவும் இருக்க வேண்டும். பிரிட்டனிலோ 2018 செப்டம்பர் வரை, பழைய கடவுச்சீட்டில் மிஞ்சிய காலத்தை, ஒன்பது மாதம் வரை, புதியதில் கூட்டிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. பத்தாண்டு ஒன்பது மாதம் ஆயுள் கொண்ட அந்தக் கடவுச்சீட்டுகள், வழங்கிப் பத்தாண்டு கடந்ததும், அவற்றில் அச்சிட்ட தேதிப்படி உயிரோடு இருந்தும் விமானத்தில் ஏற உதவவில்லை.

ஷெங்கன் பகுதியின் பெயரை எடுத்தபின் 90 நாள் விதியைச் சொல்லாமல் போக முடியாது. எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற ஒற்றை வரிதான் விதி. பிழை முழுவதும் 'எந்த' என்ற சொல்லில் இருக்கிறது. பலர் இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்கும் கணக்காக எண்ணுகிறார்கள். அது நாள்தோறும் நகரும் கணக்கு. ஒருவர் மார்ச் 1 அன்று நுழைந்து ஏப்ரல் 29 அன்று வெளியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் சேரும் என்பதால் அது 60 நாள். ஜூலை 1 அன்று அவர் திரும்ப வருகிறார். இரண்டு மாதம் வெளியே இருந்தோமே, புதிதாக 90 நாள் கிடைத்திருக்கும் என்று அவர் நினைக்கலாம். ஆனால் ஜூலை 1இலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணினால் கணக்கு ஜனவரி முதல் வாரம் வரை போகிறது; பழைய 60 நாளும் அதற்குள் அப்படியே இருக்கின்றன. மிச்சம் 30 நாள் மட்டுமே. ஜூலை 30 அவர் தங்கத்தக்க கடைசி நாள். 31ஆம் தேதி காலையில் அவர் காலம் மீறியவர். அங்கிருந்து காத்திருந்தால், ஆகஸ்ட் 28இலிருந்துதான் மார்ச் மாத நாள்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து உதிரத் தொடங்கும். இடையில் ஒரு வாரம் அண்டை நாட்டுக்குப் போய் வந்தால் கணக்கு அழிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை. தொடர்ந்து 90 நாள் வெளியே இருந்தால் மட்டுமே முழு 90 நாளும் திரும்பக் கிடைக்கும்.

இத்தனை காலமும் இந்தக் கணக்கைப் போட்டது, கடவுச்சீட்டின் பக்கங்களைப் புரட்டி, மங்கிய முத்திரைகளைத் தேடிப் பார்த்த அதிகாரியின் கண்தான். வரிசை நீண்டிருக்கும்போது இரண்டொரு நாள் கூடியதை அவர் கவனிக்காமல் விட்டுவிடவும் கூடும். 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை இதற்கு முற்றுப்புள்ளி வைக்க வந்தது. ஷெங்கன் பகுதியின் 29 நாடுகளில், குறுகிய காலத்துக்கு வரும் வெளிநாட்டவரின் முகப் படத்தையும் நான்கு விரல்ரேகைகளையும் அது பதிகிறது. 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் ரேகை எடுப்பதில்லை. விசா பெற்று வருபவர்களின் ரேகை விசாவுக்கான தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருப்பதால் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. எல்லா எல்லைச் சாவடிகளிலும் ஒரே நாளில் தொடங்க இயலாது என்பதால், ஆறு மாதத்தில், 2026 ஏப்ரல் 10க்குள், படிப்படியாக விரிப்பது என்று திட்டமிட்டார்கள். நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினி குறித்துக்கொள்ளும். மேற்சொன்ன கணக்கையும் அதுவே போடும். பதிவுகள் மூன்றாண்டு இருக்கும். ஒருவர் வெளியேறியதற்குப் பதிவே இல்லையென்றால் ஐந்தாண்டு. நுழைவு மறுக்கப்பட்டதும் அதில் ஏறும். இதற்கான சட்டம் 2017ஆம் ஆண்டினது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டம் இயற்றி எட்டாண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்த முறை இது.

விதிகள் மாறுவதற்குக் கணினி மட்டும் காரணமல்ல, நாடுகளுக்கு இடையிலான மானப் பிரச்சினையும் உண்டு. நீ என் குடிமகனிடம் கேட்பதை நான் உன் குடிமகனிடம் கேட்பேன் என்ற கொள்கையை விடாப்பிடியாகப் பின்பற்றும் நாடு பிரேசில். அமெரிக்கா 2004இல் வெளிநாட்டவரின் ரேகைகளைப் பதியத் தொடங்கியபோது, பிரேசில் தன் விமான நிலையங்களில் அமெரிக்கர்களின் ரேகையை மட்டும் எடுத்தது. 2019இல் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் நாட்டவருக்கு ஒருதலையாக விசாவை நீக்கிய அதே நாடு, முதல் மூன்று நாடுகளும் பதிலுக்கு எதுவும் செய்யவில்லை என்பதால் 2025 ஏப்ரல் 10 முதல் அவர்களுக்கு விசாவைத் திரும்பக் கொண்டுவந்தது. பதிலுக்கு விலக்கு அளித்த ஜப்பான் தப்பித்தது. சீனாவின் போக்கு இதற்கு மாறானது. பெருந்தொற்றுக் காலத்தில் அடைத்த கதவைத் திறந்தபின், 2023 டிசம்பரில் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, ஸ்பெயின், மலேசியா ஆகிய ஆறு நாட்டவரை, கைம்மாறு கேட்காமல், விசாவின்றி அனுமதிக்கத் தொடங்கியது. பின்னர் பட்டியலை நீட்டி, 15 நாளை 30 நாளாக்கியது. சுற்றுலா வருவாயையும் முதலீட்டையும் எதிர்பார்க்கும் நாடு முதலில் விட்டுக்கொடுக்கிறது. தாய்லாந்து 2024 ஜூலையில் 93 நாடுகள், பிராந்தியங்களைச் சேர்ந்தவர்களுக்கு 60 நாள் விசா விலக்கு அளித்ததும் அதே கணக்கில்தான். 2025 மே முதல் அங்கும் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும்.

விசா விலக்கு இல்லாத நாட்டவருக்கு இந்த ஆண்டுகள் கடினமாகியிருக்கின்றன. அமெரிக்க விசாப் படிவம் 2019 முதல் கடந்த ஐந்தாண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயரைக் கேட்கிறது. 2025 ஜூனில் 12 நாட்டவருக்கு ஏறக்குறைய முழுத் தடையும் ஏழு நாட்டவருக்குப் பகுதித் தடையும் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், சில நாட்டவர் சுற்றுலா அல்லது வணிக விசா பெற 5,000 முதல் 15,000 டாலர் வரை பிணைத்தொகை கட்டும் சோதனைத் திட்டம், மலாவி, சாம்பியா நாட்டவரிடமிருந்து தொடங்கியது. ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 ஆயிற்று; விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்புவதில்லை. நேர்காணலுக்காக இன்னொரு ஊருக்கு, சில சமயம் இன்னொரு நாட்டுக்கே, போய்வரும் செலவு எந்தக் கட்டணப் பட்டியலிலும் வருவதில்லை. கட்டணம் 40 டாலராகக் கூடியது என்று ஒரு சாரார் முணுமுணுக்கும் அதே எல்லையில், இன்னொரு சாரார் பல மாதச் சம்பளத்தை ஈடு வைத்துக் காத்திருக்கிறார்கள் என்பதை, நுழைவு விதிகள் எளிதாகிவருகின்றன என்று பொதுவாகச் சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

முத்திரை மறையும்போது பயணியின் கையிலிருந்த ஒரே சாட்சியும் மறைகிறது. ஹாங்காங் 2013இலேயே முத்திரையை விட்டு, தங்கும் காலத்தை அச்சிட்ட சிறு சீட்டைத் தரத் தொடங்கியது. சிங்கப்பூர் 2020இல் முத்திரையை நிறுத்தி மின்னஞ்சலுக்கு மாறியது. வெளியேறும் சாவடியில் பதிவு விழாமல் போனால், கணினியின் பார்வையில் பயணி இன்னும் உள்ளேயே இருக்கிறார். தாம் வெளியேறியதை நிறுவ வேண்டியவரும் அவரே. ஐரோப்பிய முறையில் தம் பதிவைக் கேட்டுப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கோரவும் பயணிக்குச் சட்டம் உரிமை தருகிறது. எத்தனை நாள் மிச்சம் என்பதை இணையத்தில் சரிபார்க்கவும் வகை செய்கிறது. அத்தகைய திருத்தத்தைக் கோரும் நாளில், விமானத்தில் ஏறியதற்கான போர்டிங் பாஸ், அடுத்த நாட்டில் இறங்கியதற்கான முத்திரை, அங்கே தங்கிய விடுதியின் ரசீது ஆகியவையே அவர் பக்கம் பேசும் சான்றுகளாக இருக்கும்.